ஹெரால்டின் தகட்டைக் கழற்றலாமா?

பழைய காரைப் பிரித்துச் சீர்செய்கிறவர்கள் எதைக் கழற்றவும் தயங்க மாட்டார்கள். என்ஜினை இறக்குவார்கள், பாடியைத் தூக்குவார்கள், கண்ணாடியை ரப்பரோடு உருவுவார்கள், கடைசி நட்டு வரை டீசலில் ஊறப்போடுவார்கள். அந்த வேகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத் தகடும் கழன்று வந்துவிடும். வண்டியின் சேசிஸ் எண் அடித்த தகடு, வெளியே மாட்டும் நம்பர் பிளேட் இல்லை. பெயிண்ட் முடிந்ததும் அதைத் துடைத்து, புது ரிவெட் போட்டு, இருந்த இடத்திலேயே அடித்துவிட்டால் சரி என்றுதான் பட்டறையில் நினைப்பார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. திருட்டு வண்டிக்கு எண் மாற்றுகிறவனும் கடைசியில் செய்வது இதே வேலையைத்தான்: ஒரு தகட்டை எடுத்து, ஒரு வண்டியில் வைத்து, ரிவெட் அடிப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

என் கையில் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மாமனாருடையது. ராயக்கோட்டை பக்கம் மாந்தோப்பு ஓரக் கொட்டகையில் பல வருடம் நின்றிருந்தது. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் சம்மதக் கடிதம், படிவம் 31 என்று முறையாக மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டோம். அந்தக் கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை, சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் இங்கே செய்து விற்றது. ஆரம்பத்தில் 948 சி.சி. என்ஜின். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் என்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம். அப்புறம் இன்னொன்று: அம்பாசடர், பத்மினி மாதிரி இதில் பாடியே வண்டியைத் தாங்கும் கூடாக இருக்காது. அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டகம், அதாவது சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். சீர்செய்வதற்கு இது பெரிய சௌகரியம். எண் விஷயத்தில் இதுவே பெரிய ஆபத்து. பாடி ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம், என்ஜின் ஒரு பக்கம் கிடக்கும்போது வண்டி எது?

சட்டத்திடம் கேட்டால் எண்தான் வண்டி. ஆர்.சி.யில் என்ன சேசிஸ் எண், என்ன என்ஜின் எண் இருக்கிறதோ, அவை பொறித்திருக்கும் இரும்புதான் பதிவான வண்டி. மற்றதெல்லாம் உதிரிபாகம். இங்கிலாந்து ஹெரால்டில் அந்த எண்ணைச் சேசிஸ் இரும்பில் அடித்திருக்க மாட்டார்கள். என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகரத்தில் ரிவெட் அடித்த தகட்டில்தான் இருக்கும். எங்கள் வண்டியிலும் தகடு அங்கேதான். சேசிஸின் நீளம் முழுக்க மண்ணையும் கிரீஸையும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேடினோம். வேறெங்கும் எண் அகப்படவில்லை. ஆக, வண்டியின் மொத்த அடையாளமும் பாடியோடு போகிற ஒரு அலுமினியத் துண்டில் இருக்கிறது.

பட்டறை கிருஷ்ணகிரியில், லண்டன்பேட்டைப் பக்கம். (இங்கிலீஷ் காருக்கு லண்டன்பேட்டைப் பட்டறை என்று நண்பர்கள் கிண்டல் செய்யாத நாளில்லை.) டிங்கர் வேலை பார்க்கும் பாய்க்கு எழுபது வயதிருக்கும். லாரி கேபின்களில் தொடங்கிய கை. தகரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தடுப்புத் தகரத்தைத் தட்டியதுமே அவர் முகம் மாறியது.

“தம்பி, தகட்டுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. துரு தின்னுடுச்சு.”

தகட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஈரம் தங்கினால் இரும்பு அரிக்கும். தகட்டின் விளிம்பில் பெயிண்ட் பொருக்கு கட்டி எழும்பியிருந்தது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்தாக வேண்டும். தகடு அங்கே இருக்க முடியாது.

“கழட்டி வெச்சிக்கலாம் தம்பி. தின்னர்ல ஊற வெச்சா பளபளன்னு வந்துடும். கடைசியா பாப் ரிவெட்டு நாலு அடிச்சா போச்சு. எத்தன வண்டிக்கு அடிச்சிருக்கேன்!”

அவர் சொன்னதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் எந்தப் பட்டறையிலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறவன். பொறித்த எண்களைப் பார்ப்பதே பிழைப்பு. எண்ணைப் பற்றி ஒரு சந்தேகம் எழுந்தால், பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓரமாக எடுத்து வைப்பதே எங்கள் பழக்கம். “கொஞ்சம் பொறுங்க பாய், கேட்டுட்டு வந்துடறேன்” என்றேன். தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன்.

வக்கீல் சார் முதலில் காட்டியது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆவது பிரிவு. அதன் ஐந்தாம் உட்பிரிவு சுருக்கமாகச் சொல்வது இது: வண்டியில் பொறித்திருக்கும் என்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ பதிவுச் சான்றிதழில் உள்ளதிலிருந்து மாறுபட்டால், உரிமையாளருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பதிவையே ரத்து செய்ய வேண்டும். அடுத்தது 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. என்ஜினை மாற்றினால்கூடப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

“இதுல எங்கயாச்சும் தகட்டைக் கழட்டித் திரும்ப மாட்டறதப் பத்திச் சொல்லியிருக்கா சார்?”

“இல்ல. அதான் பிரச்சினையே.”

நம் சட்டத்தில் வண்டியைச் சீர்செய்வதற்காகத் தகட்டை எடுத்துத் திரும்ப வைப்பவருக்கென்று ஒரு தனி வழிமுறை கண்ணில் படவில்லை. தடை என்று நேராக ஒரு வரியும் இல்லை, அனுமதி என்று நேராக ஒரு வரியும் இல்லை. அதனால் எல்லாமே பார்க்கிறவர் மனதில் எழும் சந்தேகத்தைப் பொறுத்துப் போகிறது. ரிவெட் புதிதாக இருக்கிறதே என்று ஒரு அதிகாரி நினைத்துவிட்டால் விஷயம் மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது. திருட்டுப் பொருள் வைத்திருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 317, ஏமாற்றுக்கு 318, போலி ஆவணத்துக்கு 336 என்று நீளும். குற்றம் நிரூபணமாவது அப்புறம். வண்டி அன்றைக்கே ஸ்டேஷன் வாசலுக்குப் போய்விடும். கைப்பற்றிய வண்டிகளை வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்காமல், போட்டோ எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் விட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆனால் உரியவர் யார் என்பதே கேள்வியாக இருக்கும்போது அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு வேகமாக ஓட முடியாது.

போலீசின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் இருக்கும் இடம் அப்படி. பெங்களூரிலிருந்து வரும் சாலை கிருஷ்ணகிரியில் பிரிகிறது: ஒன்று சேலம் வழியாகக் கன்னியாகுமரிக்கு, ஒன்று வேலூர் வழியாகச் சென்னைக்கு, இன்னொன்று திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனத்துக்கு. ஓசூருக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். பர்கூரைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ஆந்திரம். ஒரு மாநிலத்தில் தொலைந்த வண்டிக்கு இன்னொரு மாநிலத்தில் எண் முளைப்பதற்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. அந்த வித்தையும் எளிது. விபத்தில் நொறுங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிட்ட வண்டியைக் காயலான் விலைக்கு ஆர்.சி. புத்தகத்தோடு வாங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது இரும்பு இல்லை, எண்தான். அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு திருட்டு வண்டி வரும். செத்த வண்டியின் எண் அதற்கு ஏறும். காகிதம் எல்லாம் அசல், வண்டி மட்டும் வேறு. இப்போது பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் சேசிஸ் எண் உள்ள துண்டைத் தனியே வெட்டிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2021 விதிகள் சொல்வது இந்தக் கதையை நிறுத்தத்தான்.

இதற்கு நடுவில் புது ரிவெட்டோடு, மெருகேற்றிய தகட்டோடு, புது பெயிண்டோடு ஒரு பழைய கார் போய் நின்றால், பிரேக் இன்ஸ்பெக்டர் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் இதே சிக்கல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு கான்சாஸ் மாநிலத்து வழக்கு ஒன்று போதும். 1959-ஆம் ஆண்டு கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஒருவர் 2016-இல் வேறு மாநிலத்து டீலரிடம் வாங்கினார். 2017-இல் தன் ஊரில் பதிவு செய்ய எடுத்துப் போனார். பரிசோதனையில் எண் தகட்டின் ரிவெட்டுகள் தொழிற்சாலை போட்டவை அல்ல என்று கண்டுபிடித்தார்கள். முன்பு யாரோ காரைப் புதுப்பித்தபோது தகட்டை எடுத்துத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கார் திருட்டுக் கார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வாங்கியவர் மேல் தப்பு இல்லை என்பதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாநிலத்தின் அப்போதைய சட்டப்படி, எண்ணில் கை வைத்த வண்டியே தடைசெய்யப்பட்ட பொருள், அழிக்க வேண்டியது. கார் பல வருடம் அரசுக் காவலில் கிடந்தது. கடைசியில் 2022-இல் அந்த மாநிலச் சட்டமன்றமே சட்டத்தைத் திருத்தியது: பழங்கால வண்டியைச் சீர்செய்ய அவசியமாகித் தகட்டைக் கழற்றி, அதே வண்டியில் திரும்ப மாட்டினால் குற்றமில்லை. கார் 2023-இல்தான் உரிமையாளர் கைக்கு வந்தது.

இத்தனைக்கும் அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் ஒரு விலக்கு முன்பே உண்டு. எண்ணை எடுப்பதும் சிதைப்பதும் ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆனால் பழுதுபார்க்க நியாயமாகத் தேவைப்பட்டால் எடுக்கலாம், மாநிலச் சட்டப்படி திரும்ப வைக்கலாம். பிடி அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. மாநிலச் சட்டம் மூக்கைச் சுளித்தால் மத்திய விலக்கால் பிரயோசனமில்லை.

ரிவெட் விஷயத்தை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் எண் தகட்டுக்கு ஆறு இதழ் பூப்போலத் தலை கொண்ட ஒரு தனி ரிவெட்டைப் பயன்படுத்தியது. கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டில் தலை நடுவே ஒரு குழி இருக்கும், உள்ளே ஆணி முறிந்த முனை தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தாலே சொல்லிவிடலாம். நம் பாய் நாலு அடித்தால் போச்சு என்று சொன்னது அந்த ரிவெட்டைத்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் யோசித்திருக்கிறார்கள். பெரிய அளவில் மாற்றிக் கட்டிய வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு மதிப்பெண் போடும் முறை அங்கே பல காலம் இருந்தது. அசல் சேசிஸோ பாடி ஷெல்லோ இருந்தால் 5. சஸ்பென்ஷன், அச்சு, கியர் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் எட்டு தேற வேண்டியிருந்தது. பட்டறைக்காரர்களின் பெருமையெல்லாம் என்ஜினில் இருக்கும்போது சட்டம் அதற்கு ஒரே ஒரு மார்க் தந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் கணக்கு சரிதான். என்ஜின் மாறிக்கொண்டே இருக்கும், எலும்புக்கூடு மாறாது.

தகட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடப்பது: மங்கிப்போன எண்ணை மறுபடி அடிப்பது. ஓசூரில் கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி பழைய புல்லட் ஒன்றை ஒரு பட்டறையில் விட்டிருந்தான். பிரேமின் கழுத்துக் குழாயில் எண் தேய்ந்து, பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் மணல் அடித்ததில் இன்னும் மங்கிவிட்டது. பட்டறைக்காரர் நல்லது செய்வதாக நினைத்து, நம்பர் பஞ்ச் செட்டை எடுத்து, அதே எண்ணை அதே இடத்தில் ஆழமாக அடித்துக் கொடுத்துவிட்டார். எண் சரி. ஆர்.சி.யோடும் ஒத்துப்போகிறது. ஆனால் எழுத்தின் வடிவம் கம்பெனி எழுத்து இல்லை. 3-இன் தலை தட்டை, கம்பெனி 3-க்கு வளைவு. பழைய கோட்டின் விளிம்பு புதுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி தெரிகிறது. ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அந்த வண்டியைத் தடய அறிவியல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டது எனக்கு வேலையிலும் பிரயோசனமானது. இரும்பில் எண்ணை அடிக்கும்போது கோட்டுக்கு அடியில் இருக்கும் உலோகமும் நெரிந்து இறுகுகிறது. மேலே உள்ள எண்ணை ராவித் தேய்த்துவிட்டாலும் அடியில் அந்த இறுக்கம் இருக்கும். மேற்பரப்பை வழவழப்பாக்கி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நெரிந்த இடமும் நெரியாத இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கும். அழிந்த எண் கொஞ்ச நேரத்துக்கு மங்கலாக எழும்பி வரும். உடனே போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நேர்மையான உரிமையாளருக்கு இதுவே கடைசிச் சாட்சி. அதன்மேல் புதிதாக ஒரு பஞ்ச் விழுந்தால் அடியில் இருக்கும் பழைய நெரிவும் குழம்பிப்போகும். நம் பக்கம் பேச வேண்டிய இரும்பை நாமே அடித்து ஊமையாக்குகிறோம். மங்கிய எண்ணை மங்கலாகவே விடுங்கள் என்று பார்க்கிற பட்டறையில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கவே முடியாமல் போய்விட்டால் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். பஞ்ச் செட்டைப் பட்டறைக்காரர் எடுக்கக் கூடாது.

அந்தப் புல்லட்டுக்குப் பழைய எண் தேறியது, வண்டி திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் அவனுக்கு வண்டி மேலிருந்த ஆசையே போய்விட்டது.

எங்கள் ஹெரால்டுக்கு வருகிறேன். வக்கீல் சார் சொன்ன யோசனையின் சாரம் ஒன்றுதான்: கழற்றுவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிய வேண்டும். பட்டறையில் வேலை நடக்கும்போது ரகசியமாக இருந்தால், பிற்பாடு எவ்வளவு விளக்கினாலும் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். அதனால் தகடு ஒட்டியிருந்த நிலையிலேயே பென்சில் பிரிண்ட் எடுத்தோம். தெரியாதவர்களுக்காக: எண்ணின் மேல் பென்சில் கரியைப் பரவலாகத் தேய்த்து, செல்லோ டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்திவிட்டு உரிக்க வேண்டும். மேடான இடத்துக் கரி டேப்பில் வந்துவிடும், எண்ணின் பள்ளம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதைத் தாளில் ஒட்டினால் அந்த எண்ணின் கைரேகை கையில் இருக்கிறது. கையால் அடித்த எண்கள் ஒரே வரிசையில் நிற்காது. எங்கள் தகட்டில் ஒரு 7 சற்றே வலது பக்கம் சாய்ந்து, பக்கத்து எண்ணை முட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சாய்வை யாராலும் புதிதாகச் செய்து காட்ட முடியாது.

பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தகட்டுக்குப் பின்னால் உள்ள தகரம் அரித்துவிட்டது, அதை வெட்டி மாற்ற வேண்டும், அதற்காகத் தகட்டை எடுத்து அதே இடத்தில் அதே தகட்டைப் பொருத்தப் போகிறோம், எண்ணில் எந்த மாற்றமும் இல்லை, முன்னும் பின்னும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டத் தயார். கூடவே போட்டோக்கள், பிரிண்ட், ஆர்.சி. நகல். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். கடிதத்தைப் படித்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இதுக்கெல்லாம் யாரும் வந்து கேக்க மாட்டாங்க சார். செஞ்சுட்டுதான் வருவாங்க” என்றார். ஆனால் வண்டியை வந்து பார்த்தார், குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு, நாங்கள் போட்ட பெயிண்டைவிட விலை உயர்ந்தது என்பேன்.

பாய்க்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் வேலையில் இறங்கியதும் எங்களைவிட அவர்தான் கவனமாக இருந்தார். ரிவெட் தலையை மட்டும் சின்ன டிரில்லால் ஓட்டி, தகட்டில் கீறல் விழாமல் மெல்லிய ஸ்கிரேப்பர் விட்டு எழுப்பினார். செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பழைய ரிவெட்டின் துண்டுகளை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதினோம். தகட்டைத் தின்னரில் ஊற வைக்க மட்டும் நான் விடவில்லை. அதன் கறுப்பு மை போய்விட்டால் புதிதாக அச்சடித்த தகடு போலாகிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்ததோடு சரி. வெட்டியெடுத்த துருப்பிடித்த தகரத்தையும் எறியவில்லை. அதில் தகடு இருந்த இடம் சதுரமாக வேறு நிறத்தில் தெரிகிறது, நாலு மூலையிலும் துளை இருக்கிறது. தகட்டின் துளைகளோடு வைத்துப் பார்த்தால் பொருந்தும். புதுத் தகரத்திலும் அதே அளவில்தான் துளை போட்டோம். ரிவெட் மட்டும் பாப் ரிவெட் வேண்டாம் என்று பிடிவாதமாக, பெங்களூரு ஜே.சி. ரோடில் தேடித் தலை மூடிய ரிவெட் வாங்கி வந்தோம்.

இணையத்தில் புதுத் தகடே விற்கிறார்கள். வெற்றுத் தகடு, கம்பெனி முத்திரையோடு, எண் அடிக்க இடம் விட்டு. அசல் மாதிரியே இருக்கும் என்பதுதான் விளம்பரமே. கண்காட்சியில் அழகாக இருக்கும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. நான் ஒருபோதும் வாங்க மாட்டேன். கீறலும் கறையுமாக இருக்கும் அசல் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பளபளக்கும் போலியை ரிவெட் அடிப்பவருக்குச் சட்டம் துணை நிற்க எந்தக் காரணமும் இல்லை. வண்டியை விற்கும்போது விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

காகிதப் பக்கத்தில் இன்னொரு தலைவலி. தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பழைய வண்டிக்குப் பதிவேட்டு நகல் வேண்டுமென்றால் மூன்று ஊர்களில் எங்கே கேட்பது என்பதே முதல் கேள்வி. அந்தக் காலத்து ஆர்.சி. கையெழுத்தில் இருக்கும். அதைப் பதிவு அலுவலகங்களின் ‘வாகன்’ மென்பொருளில் ஏற்றும்போது 1-ஐ 7 என்றும், ஓ எழுத்தைச் சுழியம் என்றும் அடித்துவிட்டால், தகட்டில் கை வைக்காமலே எண் மாறுபட்ட வண்டியாகிவிடும், 55-ஆவது பிரிவு தலைக்கு மேல் தொங்கும். 17 இலக்க எண் முறையில் ஐ, ஓ, க்யூ எழுத்துகளை விலக்கியதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நம் பழைய வண்டிகளின் குட்டை எண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை தொடங்கும் முன்பே ஆர்.சி., தகடு, இணையத்தில் வரும் விவரம் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கர்நாடக வண்டி வாங்குகிறவர்கள் பி எக்ஸ்ட்ராக்ட் என்ற பதிவேட்டு நகலையும், படிவம் 28-இல் தடையில்லாச் சான்றையும் வாங்காமல் ஓசூர் எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்ட வேண்டாம்.

இனி விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்த்தார்கள். 50 வருடம் கடந்த, வாடகைக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு. மாநில எழுத்துக்குப் பிறகு ‘விஏ’ என்று வரும் எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது விண்டேஜ் என்ற விளக்கத்தைப் படித்தால் சீர்செய்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். வண்டி அசல் வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உட்படப் பெரிய அளவிலான புதுப்பிப்பு நடந்திருக்கக் கூடாது. கொட்டகையில் பல காலம் நின்ற வண்டி பெரிய அளவு வேலை இல்லாமல் எப்படி எழும்? அரித்த தகரத்தை அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பா, புதுப்பிப்பா? விதி எழுதியவர் கண்முன் இருந்தது அரண்மனை கராஜில் துணி போர்த்தி வைத்த கார் என்று தோன்றுகிறது. மாந்தோப்பு ஓரம் நின்ற ஹெரால்டு அவர் கண்ணில் படவில்லை.

அந்த விதிகளை அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் பாயிடம் விளக்கினேன். விண்டேஜ் எண் வாங்கினால் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலைக்கு என்று மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது.

“அப்போ மாங்கா சீசன்ல ராயக்கோட்டைக்கு எடுத்துட்டுப் போக முடியாதா?”

“முடியாது பாய்.”

“அப்புறம் எதுக்கு இந்த வேல எல்லாம் செஞ்சோம்?”

விண்டேஜ் எண் வாங்காமல், பழைய பதிவையே படிவம் 25-இல் புதுப்பித்துக்கொண்டோம். பசுமை வரி தனி. பரிசோதனை அன்று இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொல்லி, ரிவெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீங்க தான லெட்டர் குடுத்தது?” என்று கேட்டுக்கொண்டே பென்சிலை எடுத்தார்.